ஐசி நம்பர், டோக்கன், டியூஷன் படிவம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் ஓடிபி மோசடி பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. பாதிக்கு மேல் மோசடிக்காரர்களைப் பற்றியே இல்லை. "திருடனை விடுங்க சார், நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விவரம் எங்கே போகுது?" என்றுதான் கேட்கிறீர்கள். கேள்வி சரியான கேள்வி. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டு, சிங்கப்பூரில் எந்த வட்டாரம் என்பதை மட்டும் போட்டிருக்கிறேன். இந்த விஷயத்தைப் பற்றி எழுதிவிட்டுப் பெயரும் புளோக் நம்பரும் அச்சடித்தால் நீங்களே என்னைத் திட்டுவீர்கள்.

தோ பாயோ வாசகர்: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். இணையப் பாதுகாப்பு என்ற பேரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறதாம், கம்பெனிகள் நம் விவரங்களை அரசாங்கத்திடம் கொடுக்கலாமாம், அதற்காக வழக்கும் போட முடியாதாம் என்று மகன் சொல்கிறான். என் மெயிலும் பேரப்பிள்ளைகளின் படங்களும் அமெரிக்கக் கம்பெனியிடம்தான் இருக்கின்றன. தோ பாயோவில் இருக்கும் எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

மகன் சொல்வது பெரும்பாலும் சரி ஐயா. ஆனால் அவர் சொல்லும் சட்டத்தைவிட உங்களைக் கிட்டத்தில் தொடும் சட்டங்கள் வேறு இருக்கின்றன. முதலில் அவருடையதைப் பார்த்துவிடுவோம்.

2012 ஏப்ரலில் சிஸ்பா என்ற மசோதா அமெரிக்கக் கீழவையில் நிறைவேறியது. கம்பெனிகளும் அரசாங்கமும் இணையத் தாக்குதல் பற்றிய தகவல்களை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாம், நல்லெண்ணத்தோடு கொடுத்தால் கம்பெனிமீது வழக்கு வராது என்பதுதான் சாரம். வெள்ளை மாளிகையே அதிபரின் தடுப்பு அதிகாரத்தை (வீட்டோ) பயன்படுத்துவோம் என்று எச்சரித்தது, செனட்டில் மசோதா நகரவில்லை. 2013 ஏப்ரலில் மறுபடியும் கீழவையில் நிறைவேறி, மறுபடியும் செனட்டில் படுத்துக்கொண்டது. அடுத்த இரண்டே மாதத்தில், அமெரிக்க உளவுத்துறையின் ரகசியக் கண்காணிப்பைப் பற்றி ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் வந்துவிட்டன, அதற்குப் பிறகு "நாங்கள் தாக்குதல் விவரத்தை மட்டும்தான் பார்ப்போம்" என்று எந்த உளவுத்துறை சொன்னாலும் யார் நம்புவார்கள்? ஆனாலும் 2015 டிசம்பரில், சிசா என்ற வேறு பெயரில், கிட்டத்தட்ட அதே எண்ணம், அரசாங்கச் செலவுக்கான ஒரு பெரிய மசோதாவின் வயிற்றுக்குள் உட்கார்ந்து சட்டமாகிவிட்டது. ஆப்பிளும் டிராப்பாக்ஸும்கூட எதிர்த்தன. 2025 செப்டம்பர் வரை என்று கெடு வைத்து எழுதிய சட்டம், கெடு வந்ததும் நீட்டிப்பதா வேண்டாமா என்று மறுபடி ஒரு இழுபறி.

இதில் என்னதான் தப்பு என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நம் புளோக்கில் 9வது மாடியில் திருட்டு முயற்சி நடந்தால், "நீலச் சட்டை, கையில் பெரிய பை, பராமரிப்பு ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்தான்" என்று வாட்ஸ்அப்பில் எல்லா மாடிக்கும் சொல்வோம். அது நல்ல காரியம். தாக்குதல் எந்த முகவரியிலிருந்து வந்தது, எந்தக் கோப்பில் வைரஸ் இருந்தது என்பதை ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் சொல்வதும் அதே மாதிரிதான். ஆனால் அந்த நீலச் சட்டைக்காரனைப் பிடிக்க, அன்று புளோக்குக்கு வந்துபோன எல்லாருடைய பெயர், வந்த நேரம், எந்த வீடு, என்ன கொண்டுவந்தார்கள் என்ற குறிப்பேட்டையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால்? வைரஸ் வந்த மெயிலைக் கொடுக்கும்போது அந்த மெயிலில் பெயர்கள் இருக்கும், பெறுநர் பட்டியல் இருக்கும், சில சமயம் கீழே பழைய உரையாடலே தொங்கிக்கொண்டிருக்கும். சம்பந்தமில்லாத தனிநபர் விவரத்தை எடுத்துவிட்டுக் கொடு என்று சட்டம் சொல்கிறது. அது சம்பந்தமில்லாதது என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தால்தான் எடுக்க வேண்டும். வழக்கும் வராது என்று சொல்லிவிட்ட பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க எந்தக் கம்பெனிக்குப் பொறுமை இருக்கும்?

சரி, உங்களுக்கு வருவோம். 2018 மார்ச்சில் கிளவுட் சட்டம் என்று ஒன்று வந்தது. அமெரிக்கக் கம்பெனியின் கையில் இருக்கும் விவரம் உலகத்தில் எந்த நாட்டுக் கணினியில் கிடந்தாலும், அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கூகலுக்கு ஜூரோங் வெஸ்ட்டிலேயே தரவு மையம் இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது நீங்களே அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போயிருப்பீர்கள். உங்கள் பேரனின் பிறந்தநாள் படம் கடல் தாண்டாமல் அங்கேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சட்டத்தின் கை அதுவரைக்கும் நீளும். இன்னொன்று, வெளிநாட்டு உளவுச் சட்டத்தில் 2008இல் சேர்த்த 702ஆவது பிரிவு. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும், அமெரிக்கர் அல்லாதவர்களைக் குறிவைப்பதற்கென்றே எழுதிய பிரிவு அது. அமெரிக்கப் பத்திரிகைகளில் இந்தச் சட்டத்தைப் பற்றி வரும் கூச்சல் எல்லாம் "இதில் அமெரிக்கர்களின் விவரமும் தப்பித் தவறி மாட்டிக்கொள்கிறதே" என்பதுதான். நம் விவரம் மாட்டுவது அவர்களுக்குத் தப்பே இல்லை, அதற்காகத்தான் சட்டமே. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் மெயிலை யாரும் தேடி வரப் போவதில்லை, பயப்பட வேண்டாம். ஆனாலும் படங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பைப் பூட்டி வைக்கும் வசதி 2021இலிருந்து இருக்கிறது, செட்டிங்ஸில் போய் மகனை விட்டுப் போடச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை மட்டும் எங்கேயாவது எழுதி வையுங்கள், மறந்தால் யாராலும் திறக்க முடியாது.

செங்காங் வாசகர்: சிங்கப்பூரிலும் இணையப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே. அதை வைத்து என் கணினியை எடுத்துப் போக முடியுமா?

சில சூழ்நிலைகளில் முடியும். 2018 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் அது, ஆகஸ்ட் 31 நடப்புக்கு வந்தது. தண்ணீர், மின்சாரம், வங்கி, சுகாதாரம், போக்குவரத்து, அரசாங்கம் என்று மொத்தம் 11 துறைகளில் "இது நின்றால் நாடே நிற்கும்" என்ற கணினி அமைப்புகளுக்குப் பொறுப்பாக ஓர் ஆணையரை வைத்தது. அந்த அமைப்புகளை நடத்துகிறவர்கள் தாக்குதல் நடந்தால் சொல்லியே ஆக வேண்டும். விசாரணை என்று வந்துவிட்டால் அந்த 11 துறைக்கு வெளியே இருப்பவரிடமும் கேள்வி கேட்கலாம், ஆவணம் கேட்கலாம். ரொம்பக் கடுமையான சம்பவம் என்றால் கணினியைச் சோதிக்கலாம், நகல் எடுக்கலாம், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு எடுத்துக்கொண்டும் போகலாம்.

எனக்கு இந்தச் சட்டத்தில் ஆர்வமாகப் பட்டது ஒரு சின்ன வரி. அமைப்பை நடத்துகிறவரிடம் ஆணையர் தகவல் கேட்டால், "வாடிக்கையாளரோடு ரகசிய ஒப்பந்தம் போட்டிருக்கிறேன், கொடுக்க முடியாது" என்று சொல்லித் தப்ப முடியாது. வேறொரு சட்டமோ தொழில் நெறிமுறையோ தடுத்தால்தான் அது காரணம், ஒப்பந்தம் காரணமே இல்லை. ஆகவே ஒரு கம்பெனி உங்களிடம் "உங்கள் விவரத்தை யாருக்கும் கொடுக்கமாட்டோம்" என்று எழுதிக் கொடுத்தால், அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் "சட்டம் கேட்காதவரை" என்று இருப்பதாகவே படியுங்கள். சில கம்பெனிகள் நேர்மையாக அதை அச்சடித்தே விடுகின்றன.

ஆனால் இந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. நிறைவேறிவிட்டது, இன்னும் நடப்புக்கு வரவில்லை, அந்த இடைவெளியில்தான், 2018 ஜூன் 27இலிருந்து ஜூலை 4க்குள், சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், முகவரி, பிறந்த தேதி எல்லாம் போனது. அதில் 160,000 பேருக்கு வெளிநோயாளி மருந்து விவரமும் போனது, அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்துகள் உட்பட. அப்போது உங்களில் பலருக்கும் குறுஞ்செய்தி வந்திருக்கும். சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளி, அதன் கணினிகளை நடத்திய ஐஎச்ஐஎஸ்ஸுக்கு 750,000 வெள்ளி அபராதம். போன விவரம் திரும்பி வந்ததா என்றால், அது எப்படி வரும்?

உங்கள் கேள்வியில் இருக்கும் பயம் "போலீஸ் என் போனைப் பார்க்குமா" என்பதாக இருந்தால், அதற்கு இந்தச் சட்டமே தேவையில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைவிடப் பழையது, அதைவிட அகலம். அடுத்த கேள்வி அதைத்தான் தொடுகிறது.

பிடோக் வாசகி: கொரோனா சமயத்தில், யாரோடு கிட்டத்தில் இருந்தோம் என்று பதியும் டிரேஸ்டுகெதர் டோக்கனுக்குச் சமூக மன்றத்தில் வரிசையில் நின்று வாங்கினேன். தொற்றுக்கு மட்டும்தான் என்று சொன்னார்கள். அப்புறம் போலீசும் பார்க்கலாம் என்றார்கள். இனிமேல் எதை நம்பிக் கொடுப்பது?

அம்மா, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

2020 மார்ச் 20 அன்று முதலில் டிரேஸ்டுகெதர் செயலி வந்தது. யார் யாரோடு கிட்டத்தில் இருந்தார்கள் என்பது போனுக்குள்ளேயே இருக்கும், தொற்று வந்தால்தான் எடுப்போம், தொடர்பு கண்டறிய மட்டும்தான் என்றார்கள். அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணனே அப்படித்தான் சொன்னார். 2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதிலாக, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் போலீஸ் அந்த விவரத்தைக் கேட்டு வாங்க முடியும் என்று வந்தது. மறுநாள் அமைச்சர் எழுந்து, முன்பு பேசியபோது அந்தச் சட்டம் தன் நினைவுக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே அவசரமாகச் சட்டத் திருத்தம்: கொலை, பயங்கரவாதம், பாலியல் வன்கொடுமை, ஆள் கடத்தல் போன்ற ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம் என்று.

யாரும் பொய் சொல்ல நினைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. கொலைகாரனைப் பிடிக்க வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்லப் போவதும் இல்லை. ஆனால் ஒன்றுக்கென்று வாங்கியது இன்னொன்றுக்குப் போவது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். அதற்கு ஹேக்கர் வேண்டாம், கெட்ட எண்ணம் வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் ஒரு பழைய சட்டம் போதும். அப்போது என் அக்கா டோக்கனை நெஸ்கஃபே டப்பாவுக்குள் போட்டு மூடி சமையலறையில் வைத்துவிட்டார், கடைக்குப் போகும்போது மட்டும் எடுத்து சங்கிலியில் மாட்டிக்கொள்வார். தகரத்துக்குள் புளூடூத் போகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிரித்தேன், ஆனால் அவரைத் தப்பு சொல்லவும் முடியவில்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது 2012இல் நிறைவேறி 2014 ஜூலையில் முழுசாக நடப்புக்கு வந்த பிடிபிஏ, கம்பெனிகளுக்குத்தான். அரசாங்க அமைப்புகளுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு 2018இல் வந்த பொதுத்துறை நிர்வாகச் சட்டம் தனி. அமைப்புகள் ஒன்றுக்கொன்று விவரத்தைக் கொடுத்துக்கொள்ள அது வழிவிடுகிறது, அனுமதியில்லாமல் வெளியே விடும் அதிகாரிக்குச் சிறைத் தண்டனையும் வைத்திருக்கிறது. வீடு மாறினால் ஒரே இடத்தில் முகவரி மாற்றினால் போதும் என்ற வசதியை நாம் எல்லாரும் அனுபவிக்கிறோம், அந்த வசதிக்கு அடியில் ஓடுவது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

எதை நம்பிக் கொடுப்பது என்று கேட்டீர்கள். அரசாங்க இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸில், நம் விவரத்தைத் தானாக நிரப்பும் மைஇன்ஃபோ வழியாகப் படிவம் நிரப்பும்போது, கம்பெனி என்னென்ன கேட்கிறது என்று ஒரு பட்டியல் வரும். நம்மில் பெரும்பாலோர் விரலை நேராகக் கீழே இருக்கும் பொத்தானுக்குக் கொண்டுபோகிறோம். அடுத்த முறை அந்தப் பட்டியலைப் படியுங்கள். வருமானம், மத்திய சேமநிதி விவரம் எல்லாம் அதில் இருக்கலாம். கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால் அது நியாயம். சாதாரணக் காரியத்துக்குக் கேட்டால், படிவத்தைக் கையால் நிரப்புகிறேன் என்று சொல்லிவிடலாம்.

உட்லண்ட்ஸ் வாசகர்: கொண்டோ வாசலில் காவலாளி ஐசி கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?

காட்டலாம், கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியதில்லை. 2019 செப்டம்பர் 1இலிருந்து, சட்டம் தேவை என்று சொன்னாலோ, ஆளைத் துல்லியமாக உறுதிசெய்தே ஆக வேண்டும் என்றாலோ தவிர, கம்பெனிகள் முழு ஐசி எண்ணை எழுதி வாங்கக் கூடாது, அட்டையைப் பிடித்துவைக்கவும் கூடாது. காவலாளியிடம் சண்டை பிடிக்காதீர்கள், அவருக்குக் கொடுத்த குறிப்பேட்டில் அப்படி ஒரு கட்டம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். போன் நம்பர் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே என்றால் பெரும்பாலும் சரி என்பார்.

ஆனால் 2024 டிசம்பரில் பிஸ்ஃபைல் என்ற அரசாங்கக் கம்பெனிப் பதிவுத் தளத்தில் பெயரைத் தேடினாலே முழு ஐசி எண் வந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். சில நாளில் அந்தத் தேடலை நிறுத்தினார்கள், அமைச்சர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ஐசி எண் என்பது பெயர் மாதிரி, அது ரகசியமே இல்லை, அதைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதுதான் தப்பு என்பது அரசாங்கத்தின் வாதம். வாதம் சரி. ஆனால் ஐந்து வருஷமாக "மூடி வை, மூடி வை" என்று சொல்லிப் பழக்கிவிட்டு, கம்பெனிகள் பழக்கத்தை மாற்றுவதற்கு முன்னாலேயே திரையை விலக்கினால் என்ன ஆகும்? 2025 ஜூனில், ஐசி எண்ணை வைத்து ஆளை உறுதிசெய்வதை நிறுத்துங்கள் என்று கம்பெனிகளுக்கு ஆலோசனை வந்தது. அதற்குப் பிறகும் எனக்கு ஒரு காப்புறுதி நிறுவனத்திலிருந்து பிடிஎஃப் வந்தது. கடவுச்சொல்: ஐசியின் கடைசி நான்கு எழுத்து, அப்புறம் பிறந்த தேதி. அதை அதே மெயிலிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

துவாஸ் தங்குவிடுதியிலிருந்து ஒரு தம்பி: கடன் தருகிறோம் என்று வாட்ஸ்அப் வந்தது. பேசாமல் விட்டேன். அப்புறம் என் பாஸ்போர்ட், ஒர்க் பெர்மிட் படத்தை அனுப்பி, பணம் கட்டு என்று மிரட்டுகிறான். நான் கடனே வாங்கவில்லை. ஏஜென்ட் கொடுத்திருப்பானா?

தம்பி, முதலில் ஒரு வெள்ளிகூடக் கட்டாதே. இந்த ஊரில் உரிமம் வாங்கிய கடன் கடைக்காரர்கூட போனிலோ மெசேஜிலோ கடன் தருகிறேன் என்று கூப்பிடக் கூடாது, சட்டமே அப்படி. ஆகவே வாட்ஸ்அப்பில் கடன் என்று வருகிறவன் எல்லாருமே ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரன்) அல்லது மோசடிக்காரன். மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடு, எண்ணைத் தடு, போலீஸில் புகார் கொடு. என்ன செய்வது என்று குழப்பமாக இருந்தால் 1799க்கு அடி, அது மோசடி உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். முதலாளியிடமோ விடுதி மேற்பார்வையாளரிடமோ நீயே முந்திச் சொல்லிவிடு, அவன் அவர்களுக்கும் படத்தை அனுப்பி உன்னைக் கடன்காரன் என்று சொல்வான்.

படம் எங்கிருந்து போனது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. பாஸ்போர்ட் படம் ஊரில் ஏஜென்ட், இங்கே ஏஜென்சி, கம்பெனி, பணம் அனுப்பும் கடை, சிம் கார்டு கடை என்று எத்தனை போனில் கிடக்கிறது என்று யோசித்துப் பார். பிடிபிஏ சிங்கப்பூரர்களுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இங்கே இருக்கும் ஏஜென்சி உன் விவரத்தையும் பத்திரமாக வைக்க வேண்டும், நீயும் புகார் செய்யலாம். இனி யாருக்காவது பிரதி அனுப்பினால் படத்தின் குறுக்கே "சிம் வாங்க மட்டும்" என்று தேதியோடு எழுதி அனுப்பு. போனிலேயே எழுதலாம்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: சின்ன ஏற்றுமதி வியாபாரம். ஒரு வங்கியில் கணக்கு மூடச் சொன்னார்கள், இன்னொரு வங்கியிலும் திறக்க மறுக்கிறார்கள். வங்கிகள் எங்களைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றனவா?

பேசிக்கொள்ளச் சட்டம் அனுமதித்திருக்கிறது, சில விஷயங்களில் மட்டும். 2024 ஏப்ரல் 1இலிருந்து நாணய ஆணையத்தின் காஸ்மிக் என்ற தளம் ஓடுகிறது. டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி, சிட்டி, எச்எஸ்பிசி, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் ஆகிய ஆறு வங்கிகள் அதில் இருக்கின்றன. பேருக்கு மட்டும் இருக்கும் கம்பெனிகள், ஏற்றுமதி இறக்குமதிக் கடனில் தில்லுமுல்லு, ஆயுதப் பரவலுக்குப் பணம் என்ற மூன்று சந்தேகங்களில், அதுவும் நிறுவன வாடிக்கையாளர்களைப் பற்றி, குறிப்பிட்ட அளவுக்கு அபாய அறிகுறிகள் இருந்தால் பகிரலாம். கள்ளப் பணத்தைச் சுற்றுகிறவன் ஒரு வங்கியில் மாட்டினால் அடுத்த வங்கிக்கு நடந்துபோவான், அதைத் தடுக்கத்தான். நோக்கத்தில் குறையே இல்லை.

உங்கள் விஷயத்தில் அது நடந்ததா என்றால், வங்கி சொல்லாது. சந்தேகம் பற்றி வாடிக்கையாளருக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது என்பதும் விதி. இங்கேதான் எனக்கு உறுத்துகிறது: தப்பான தகவலாக இருந்தால் திருத்தச் சொல்ல, அப்படி ஒரு தகவல் இருப்பதே நமக்குத் தெரியாதே. நீங்கள் செய்யக்கூடியது, கணக்கு மூடச் சொன்ன வங்கியிடம் எழுத்தில் விளக்கம் கொடுங்கள். சரக்கு ரசீது, கப்பல் ஆவணம், வாங்குபவர் யார் என்ற விவரம் எல்லாம் இணைத்துக் கொடுங்கள். பல சின்ன வியாபாரிகளுக்கு வரும் பிரச்சினை, பணம் ஓரிடத்திலிருந்து வரும், சரக்கு வேறிடத்துக்குப் போகும், காகிதம் மூன்றாவது இடத்தில் இருக்கும் என்பதுதான்.

சுவா சூ காங் வாசகி: "என் படங்களைப் பயன்படுத்த மெட்டாவுக்கு அனுமதி இல்லை" என்று போஸ்ட் போட்டால் சட்டப்படி செல்லுமா?

செல்லாது. அதை எனக்கு அனுப்பிய ஏழு பேரில் இருவர் வழக்கறிஞர்கள்.

பொங்கோல் வாசகி: பேரங்காடியில் புள்ளிக்காக போன் நம்பர் சொல்கிறோம். அதில் என்ன போய்விடப் போகிறது?

நேற்று நான் நின்ற வரிசையில் முன்னால் ஒரு பாட்டி, காது கொஞ்சம் மந்தம், எட்டு எண்ணையும் சந்தைக்கே கேட்கும்படி சொன்னார், காசாளர் தப்பாக அடித்ததால் இரண்டாம் முறையும் சொன்னார். எனக்கே மனப்பாடமாகிவிட்டது. அவர் வாங்கியது ரத்தக் கொதிப்புக்கான உப்புக் குறைந்த சோயா, பெரியவர்களுக்கான டயப்பர், ஒரு கட்டு வெற்றிலை. நம்பரும் இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு வீட்டின் கதை வந்துவிடும்.

2021 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த பிடிபிஏ திருத்தத்தில் கம்பெனிகளுக்குக் கொஞ்சம் கதவு திறந்தார்கள். தொழிலை மேம்படுத்த என்றால் உங்களிடம் மறுபடி கேட்காமலேயே பயன்படுத்தலாம், ஒரே குழுமத்துக் கம்பெனிகளுக்குள் கொடுத்துக்கொள்ளலாம். சில காரியங்களுக்கு, "இப்படிச் செய்யப் போகிறோம், வேண்டாம் என்றால் இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள்" என்று அறிவித்துவிட்டு, நீங்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த மெயில்களை நாம் யாருமே திறப்பதில்லை. ஆனால் விளம்பர மெசேஜ் அனுப்ப இந்த மௌனச் சம்மதம் போதாது, அதற்குத் தெளிவாகக் கேட்டே ஆக வேண்டும். பதிலுக்கு, 500 பேர் அல்லது அதற்கு மேல் விவரம் கசிந்தால் மூன்று நாளில் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்ல வேண்டும் என்றும், 2022 அக்டோபரிலிருந்து பெரிய கம்பெனிகளுக்கு அபராதம் உள்ளூர் வருமானத்தில் 10 விழுக்காடு வரை போகலாம் என்றும் வைத்தார்கள்.

கம்பெனியே ஒழுங்காக இருந்தாலும் அது வேலைக்கு வைத்திருக்கும் அடுத்த கம்பெனி இருக்கிறது. 2025 ஏப்ரலில் வங்கி அறிக்கைகளை அச்சடிக்கும் ஒரு வெளி நிறுவனம் தாக்கப்பட்டு, டிபிஎஸ் வாடிக்கையாளர் சுமார் 8,200 பேரின் விவரம் அதில் மாட்டிக்கொண்டது. அந்த அச்சகத்தின் பெயரையே அந்த 8,200 பேரும் அன்றுதான் கேள்விப்பட்டிருப்பார்கள்.

புள்ளி வேண்டும் என்றால் செயலியில் பார்கோடு காட்டுங்கள், வாயால் சொல்லாதீர்கள். விளம்பர அழைப்பு வேண்டாம் என்றால் 'அழைக்காதே' பதிவேட்டில் எண்ணைப் பதிந்துவையுங்கள், இலவசம், ஒரு தடவை பதிந்தால் போதும்.

ஜூரோங் ஈஸ்ட் வாசகர்: இவ்வளவு சொல்கிறீர்களே, ஒரு கம்பெனியிடம் நம்மைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க முடியுமா? யாராவது பதில் சொல்வார்களா?

முடியும். நானே கேட்டுப் பார்த்தேன்.

மகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதி முடித்த வாரத்தில் எனக்கு அழைப்புகள் வர ஆரம்பித்தன. இரண்டு டியூஷன் நிலையங்கள், அப்புறம் கல்விச் சேமிப்புத் திட்டம் என்று ஒரு காப்புறுதி முகவர். மூவருமே மகளின் பெயரைச் சரியாகச் சொன்னார்கள், முகவர் ஒரு படி மேலே போய் "கணக்கில் நல்லா செய்யறாங்களாமே" என்றார். கணக்கு மதிப்பெண் தெரிந்த வெளியாள் ஒரே ஒரு இடம்தான், அவள் படித்த டியூஷன் நிலையம்.

பிடிபிஏபடி, என் விவரம் என்ன வைத்திருக்கிறீர்கள், கடந்த ஓராண்டில் எதற்குப் பயன்படுத்தினீர்கள், யாருக்குக் கொடுத்திருக்கலாம் என்று எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், முடியாவிட்டால் எப்போது முடியும் என்றாவது சொல்ல வேண்டும், நியாயமான கட்டணம் கேட்கலாம். ஒவ்வொரு நிறுவனத்திலும் தகவல் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும், அவருக்குத்தான் எழுத வேண்டும். ஆறு வரியில் மெயில் எழுதினேன். 27ஆவது நாள் பதில் வந்தது, நான்கு பக்கம்.

மகளின் பிறப்புச் சான்றிதழ் எண், மூன்று வருஷத்து மாதிரித் தேர்வு மதிப்பெண்கள், எங்கள் வீட்டு எண், என் வேலை (இதை எப்போது சொன்னேன்?), "தந்தை கட்டணம் தாமதமாகக் கட்டுவார்" என்று ஒரு குறிப்பு. நான்காம் பக்கத்தில், "கல்விப் பங்காளிகள்" என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர்கள். ஆதாரமாக நான் கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவத்தின் நகலும் இணைத்திருந்தார்கள். பின்பக்கத்தில், ஏழாவது வரியில், எறும்பு எழுத்தில், பங்காளிகளுக்கு விவரம் கொடுக்கச் சம்மதம் என்பது ஏற்கெனவே அச்சடித்த டிக் குறியோடு இருந்தது. என் கையெழுத்துதான், சந்தேகமே இல்லை.

அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. சேவை கொடுப்பதற்குத் தேவையில்லாத சம்மதத்தை, கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று கட்டாயப்படுத்தி வாங்கினால் அது சட்டப்படி சம்மதமே அல்ல. கொடுத்த சம்மதத்தையும் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். இரண்டையும் எழுதி மறுபடி மெயில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்த அதிகாரியே போன் செய்தார். குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. முன் மேசையில் உட்கார்ந்து கட்டணம் வாங்கும் பெண். பங்காளிகள் மூவருக்கும் நீக்கச் சொல்லி எழுதிவிட்டதாகச் சொன்னார், மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அங்கிள், உங்க மெயில் வந்தப்புறம்தான் எனக்கே தெரியும் நான்தான் அந்த ஆபீசர்னு. பாஸ் வெப்சைட்ல என் பேரைப் போட்டு வச்சிருக்கார். அந்தத் தாமதமாக் கட்டுவார்ங்கிற குறிப்பையும் எடுத்துடட்டுமா?" என்றார்.

எடுத்துவிடச் சொன்னேன்.